சொறிக்கு வைத்த கம்பி

1947 ஜூன் மாதம், மெக்ஸிகோ தேசத்தில் ராஞ்சோ நுயேவோ என்ற கடற்கரையில் ஆந்த்ரேஸ் ஹெரேரா என்பவர் ஒரு சினிமாப் படம் பிடித்தார். கதாநாயகி கிடையாது, பாட்டு கிடையாது. முட்டையிட வந்த ஆமைகள்தான் அதில் நடித்தவை. அன்று ஒரே நாளில் 40,000 ஆமைகள் கரையேறியிருக்கும் என்று பின்னால் மதிப்பிட்டார்கள். கெம்ப் ரிட்லி என்ற அந்த இனம், சென்னைக் கரையில் முட்டையிடுகிற நம் பங்குனி ஆமைக்கு ஒன்றுவிட்ட சகோதரி. 1985-ல், அந்த வருஷம் முழுவதற்கும் எண்ணியதில் அகப்பட்டவை 702 முட்டைக் குழிகள்!

முட்டைகளை அள்ளிப் போய் விற்றவர்கள் ஒரு காரணம். மற்றொரு காரணம், இறால் படகுகளின் இழுவலை. ஆமைக்கு நுரையீரல் உண்டு. மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். மணிக்கணக்கில் இழுபடும் வலையின் மடிக்குள் சிக்கிவிட்டால், ஆயுள் முழுவதும் கடலிலே இருக்கிற பிராணி தண்ணீரில் மூழ்கிச் சாகிறது.

இதற்கு மாற்றுக் கண்டவர் விஞ்ஞானி அல்ல. ஜார்ஜியாவில் சிங்க்கி பூன் என்ற இறால்காரர், 1960-களின் இறுதியில் வலைக்குள் ஒரு கம்பிச் சட்டத்தைச் சாய்த்துப் பொருத்தினார். ஆமையின் மேல் கருணையினாலா? இல்லை! நம் மீனவர்கள் சொறி என்கிறார்களே, அந்த ஜெல்லி மீன்கள் மடியை நிரப்பித் தொல்லை கொடுத்தன. இறால் கம்பிகளுக்கிடையே உள்ளே போகும். பெரியவை எல்லாம் சட்டத்தில் மோதி, மேலே உள்ள வாசல் வழியாக வெளியேறும். ஆமையும் அப்படியே.

சொறிக்காகப் படகுக்காரரே வைத்துக்கொண்ட வரையில் அது கெட்டிக்காரத்தனம். ஆமைக்காக வாஷிங்டனிலிருந்து 1987-ல் உத்தரவு வந்ததும் அதுவே அநியாயமாகிவிட்டது. 1989 ஜூலையில் டெக்ஸாஸ் துறைமுகங்களில் படகுகளைக் குறுக்கே நிறுத்தி வழியை அடைத்தார்கள். சர்க்கார் சில காலம் பின்வாங்கக்கூடச் செய்தது. அவர்களை முரடர்கள் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. எண்ணெய்க்கும் கடனுக்கும் பணம் கட்டுகிறவனுக்கு, வாசல் வழியே நழுவுகிற ஒவ்வோர் இறாலும் கண்ணில் உறுத்தத்தான் செய்யும்.

சட்டம் இல்லாத வலையில் பிடித்த இறாலை அமெரிக்கா வெளிதேசங்களிலிருந்து வாங்க மறுத்தபோது, நம் இந்தியாவும் மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்துடன் சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் வழக்காடியது. 1998-ல் வந்த தீர்ப்பு வேடிக்கையானது: நோக்கம் சரி, அமல் செய்த விதத்தில் பாரபட்சம்!

லூயிஸியானாவின் பிடிவாதம்தான் பெரிது. அந்த உத்தரவைத் தன் அதிகாரிகள் அமல்படுத்தவே கூடாது என்று 1987-ல் தனிச் சட்டம் போட்டது. கடைக்காரர்கள் லூயிஸியானா இறால் என்றால் முகம் சுளிக்கத் தொடங்கிய பிறகு, 2015-ல், அந்தச் சட்டத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள்.