இரைச்சலுக்கும் ஒரு வரலாறு உண்டு



வானொலி வரலாற்றை எழுதுவோர் நிலையங்களையும் அறிவிப்பாளர்களையும் பற்றியே எழுதுவர். கேட்டவர்கள் பட்ட பாட்டை எழுதினோர் குறைவு. மலாக்கா மாநிலத் தோட்டங்களில் தமிழ்க்குரல் இரைச்சலோடு மல்லுக்கட்டியே வீட்டுக்குள் வந்தது. அதனைச் சற்றே பதிவு செய்ய விழைகிறேன்.

மலாயா வானொலி 1946 ஏப்ரல் முதல் நாள் சிங்கப்பூரில் தொடங்கியது. தமிழும் அதன் மொழிகளுள் ஒன்று. 1959இல் தலைமையகம் கோலாலம்பூருக்கு மாறியது. மின்கலத்தில் இயங்கும் டிரான்சிஸ்டர் பெட்டிகள் வந்த பின்னரே லயத்து வீடுகளில் வானொலி பரவலாயிற்று.

என் தாத்தா அப்பெட்டியை மேசைமீது மெல்லச் சுழற்றிக் கொண்டே இருப்பார். சிறுவயதில் அதனைப் பழக்கதோசம் என்றே எண்ணினேன். பயிற்சிக் கல்லூரியில் படித்தபோதுதான் காரணம் விளங்கியது. மத்திய அலையை வாங்கும் ஃபெரைட் தண்டு பெட்டிக்குள் கிடைமட்டமாக இருக்கிறது. அதன் முனை இரைச்சல் வரும் திசையை நோக்கினால், இரைச்சல் வெகுவாகக் குறையும். தாத்தாவுக்கு ஃபெரைட் தெரியாது; திசை தெரிந்திருந்தது. ஆலை இயந்திரம் நின்றதும் உறுமல் நின்றால் ஆலைதான் காரணம். நிற்காமல் படபடவென்று வெடித்தால் எங்கோ இடி மின்னல். சிற்றலையில் குரல் கிணற்றுக்குள் இறங்குவது போல் தேய்ந்து மீண்டும் எழும்பினால், அது வானின் மேலடுக்கு செய்யும் வேலை; காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28இல் கோலாலம்பூரில் தொடங்கியது. நான் சிறுவனாக இருந்த எண்பதுகளில் எங்கள் ஏரியல் குனோங் லேடாங்கை நோக்கியே நிற்கும். 1276 மீட்டர் உயரமுள்ள அம்மலையில் ஒலிபரப்புக் கோபுரங்கள் உள்ளன. கூரைமேல் அப்பா, சன்னலில் அம்மா, பெட்டியின் முன் நான்.

"தெரியுதாடா?"

"இன்னும் கொஞ்சம்பா... போச்சு, போச்சு!"

ஆளுக்கு இரண்டு முகம் தெரிந்தால், அலை நேராக ஒரு முறையும் குன்றிலோ தகரக் கூரையிலோ பட்டுத் தெறித்துச் சற்றுத் தாமதமாக மறுமுறையும் வருகிறது என்று பொருள். படம் இடமிருந்து வலமாக வரையப்படுவதால் இரண்டாம் முகம் வலப்பக்கம் விழும். திரையில் வெண்புள்ளிகள் வரிசையாக ஓடினால் யாரோ மோட்டார் சைக்கிளை முடுக்குகிறார். பிளக்கின் தீப்பொறி அது. தமிழ்ப்படம் போடும் நாளில் எங்கள் லயத்தில் எவரும் மோட்டாரை முடுக்க மாட்டார்கள். எழுதப்படாத சட்டம்! ஆயினும் உண்மையைச் சொன்னால், பாதி நேரம் குற்றவாளி ஏரியல் கம்பியின் துருப்பிடித்த இணைப்புத்தான்.

2019 அக்டோபர் 31உடன் நாட்டில் பழைய அலைவரிசைத் தொலைக்காட்சி முற்றாக நிறுத்தப்பட்டது. இன்றைய எண்ணியல் படம் தெளிவானது, மறுப்பதற்கில்லை. ஆனால் அலை குறைந்தால் கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, இருண்டு விடுகிறது. பழையது அரைகுறையாகவேனும் கதையைச் சொல்லி முடிக்கும். என்ன கோளாறு என்பதையும் சொல்லும்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. வகுப்புகள் கைப்பேசிக்குள் புகுந்தன. சிற்றூரிலிருந்து படித்த ஒரு மாணவியின் குரல் மதியம் ஆனதும் துண்டு துண்டாகும். "லைன் சரியில்லை, சார்" என்றார் தந்தை. மதியம் மட்டும் ஏன் என்று கேட்டேன். வைஃபை பெட்டி சமையலறையில், நுண்ணலை அடுப்பின் அருகில் இருந்தது. இரண்டும் 2.4 கிகாஹெர்ட்சு அருகே இயங்குபவை. பெட்டியை முன்கூடத்துக்கு மாற்றினார்கள். மறுநாள் அவள் செய்யுள் முழுதாகக் கேட்டது.

தோட்டத்திலிருந்த இன்னொரு மாணவனுக்கு இம்மருந்து பயன்படவில்லை. அவன் வீட்டுக்கு அலையே எட்டவில்லை. கைப்பேசியைக் கையில் பிடித்தபடி லயத்தைச் சுற்றி நடந்து, தண்ணீர்த் தொட்டியின் அருகே இரண்டு கோடு கிடைப்பதைக் கண்டுபிடித்தான். மழை இல்லாத நாள்களில் அங்கிருந்தபடியே வகுப்புக்கு வந்தான்.