படகு இணையம்

படகு இணையம் என்பது கடலில் ஓடும் படகிலிருந்து கரையிலுள்ள அலைபேசிக் கோபுரத்தின் அலையைப் பிடித்து இணையத்தில் சேரும் ஏற்பாடு. சிம் அட்டை போட்ட ரூட்டர், படகின் உயரமான இடத்தில் நிறுத்திய வெளிப்புற ஆண்டெனா, இரண்டையும் இணைக்கும் கேபிள், பேட்டரி மின்சாரம் ஆகிய நான்கும் இதன் உறுப்புகள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உல்லாசப் படகு வைத்திருப்போரால் பரவியது இது. தமிழகத்திலும் பொழுதுபோக்குப் படகோட்டம் பழையதே. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-இல் தொடங்கப்பட்டது. ஆயினும் 1,076 கி.மீ. நீளக் கடற்கரையில் இந்த ஏற்பாட்டுக்கு உண்மையான தேவை உள்ளவர்கள் விசைப்படகு மீனவர்களே. அவர்களிலும் பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கு கடல் தொழிலுக்குப் போகிறவர்களுக்குத்தான் தேவை அதிகம்.

முன்வரலாறு

கரைக்கும் கலத்துக்கும் இடையிலான தொடர்பு முதலில் கண்ணால் காணும் வகையிலேயே இருந்தது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் துறையில் ஏணி சார்த்தி ஏறும் உயர்ந்த மாடத்தில் இரவில் விளக்கேற்றிக் கலங்களை அழைத்ததைப் பேசுகிறது. மாமல்லபுரத்தில் பல்லவர் எழுப்பிய ஓலக்கண்ணேசுவரர் கோயிலின் உச்சியே 19-ஆம் நூற்றாண்டில் சில காலம் கலங்கரை விளக்கமாகப் பயன்பட்டது. சென்னையின் முதல் விளக்கம் 1796-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஏற்றப்பட்டது. 1844-இல் அது தனித் தூணுக்கும், 1894-இல் உயர் நீதிமன்றக் கோபுரத்துக்கும், 1977-இல் இன்றைய மெரினா இடத்துக்கும் மாறியது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் 1836-இல் ஏற்றினர்.

விளக்கு இடத்தைக் காட்டியதே தவிர, செய்தி சொல்லவில்லை. செய்தி சொன்னது புயல் கூண்டு. 1864-இல் கல்கத்தாவைப் பெரும் புயல் அழித்துப் போட்டதை அடுத்து, மறு ஆண்டே அத்துறைமுகத்தில் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. பின்னர் அது மற்றத் துறைமுகங்களுக்கும் வந்தது. கடலூர், நாகப்பட்டினம், பாம்பன் மக்களுக்கு எந்த எண் கூண்டு ஏறினால் என்ன பொருள் என்று இன்றும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பகலில் உருளையும் கூம்பும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளும் ஏற்றப்படும். பதினோரு எண்களில் 10 வரை உள்ளவை காற்றையும் புயலையும் பற்றியவை. 11-ஆம் எண் வேறு வகை. வானிலை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலைக்கு வாய்ப்புண்டு என்பதே அதன் பொருள். தொடர்பு இல்லை என்பதையே ஓர் அபாய அறிவிப்பாகக் கருதிய முன்யோசனை பாராட்டத்தக்கது.

கம்பியில்லாத் தந்தி இதற்கு அடுத்த கட்டம். 1895-இல் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் மின்காந்த அலையைச் சுவர் கடந்து அனுப்பிக் காட்டினார். 1901 டிசம்பர் 12 அன்று மார்க்கோனி அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து வந்த சமிக்ஞையைக் கேட்டதாக அறிவித்தார். கப்பல்களுக்கு இதன் பலனும் கேடும் விரைவில் விளங்கின. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மானியக் கப்பல் எம்டன், நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவுகளில் சிக்கியது. அங்கிருந்த கம்பியில்லாத் தந்தி நிலையத்தை அழிக்கப் படையிறக்கியபோது, அந்நிலையம் முந்திக்கொண்டு அனுப்பிய அபயச் செய்தியே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னியை அங்கே வரவழைத்தது.

பொதுமக்களுக்கான ஒலிபரப்பைச் சென்னையில் 1924-இல் மெட்ராஸ் மாகாண ரேடியோ கிளப் தொடங்கியது. 1938-இல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது. மீனவருக்கான வானிலை அறிவிப்பை டிரான்சிஸ்டரில் கேட்டுவிட்டுக் கடலுக்குப் போவது அரை நூற்றாண்டு வழக்கம். இருவழிப் பேச்சுக்கு வந்தது வி.எச்.எஃப். செட். கடலில் அதை வயர்லெஸ், செட், வாக்கி டாக்கி என்று பலவாறு சொல்வார்கள். அதன் 16-ஆம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்சு, உலகம் முழுவதும் அபய அழைப்புக்கு ஒதுக்கப்பட்டது.

புதுச்சேரிக் கரையில் இணையம் எதிர்பாராத வழியில் நுழைந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அங்குள்ள கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினம் மையத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் படித்தார்கள். 2004 டிசம்பர் 26 காலை, சுனாமியை எச்சரித்து, நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவரின் தொலைபேசி வந்தது. அந்தச் செய்தி அதே வகை ஒலிபெருக்கியில் ஊருக்குச் சொல்லப்பட்டு, மக்கள் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தார்கள்.

அலைபேசி கடலுக்குப் போன கதையைக் கேரளத்தை வைத்து எழுதியவர் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன். 1997 முதல் 2001 வரை காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் கோபுரங்கள் படிப்படியாக வந்தபோது, மத்தி மீனின் விலை ஊருக்கு ஊர் மாறுவது குறைந்து, விற்காமல் கொட்டப்படும் மீன் ஏறக்குறைய இல்லாமல் போனது என்று 2007-இல் அவர் காட்டினார். மீனவர் கரைக்கு வரும் முன்பே விலை பேசியதன் பயன் அது.

அலை செல்லும் தூரம்

ரூட்டர் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது பூமியின் வளைவு. கடலில் மலையோ கட்டடமோ மறிப்பதில்லை, தொடுவானம்தான் மறிக்கிறது. மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அலைத் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். இரு முனைகளுக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். 40 மீட்டர் கோபுரத்துக்கு 26 கி.மீ. கிடைக்கும். படகின் தளத்தில் நிற்பவர் கையிலுள்ள போன் நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் இன்னும் 6 கி.மீ. சேரும். ஆண்டெனாவை 6 மீட்டர் உயரத்தில் நட்டால் 10 கி.மீ. சேரும். மொத்தம் 32 கி.மீ.யா, 36 கி.மீ.யா என்பதே வேறுபாடு. ஒப்பிட, செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக் குன்று சுமார் 240 மீட்டர் உயரம். அதன் உச்சிக்கு இதே கணக்கில் 64 கி.மீ. வருகிறது. மரக்காணம் கடற்கரை அதற்குள் அடங்கிவிடும். அவ்வளவு உயரக் கோபுரம் கரையில் ஏதுமில்லை.

கணக்குக்கு மேலும் சில தடைகள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் உள்ள கோபுரங்களின் ஆண்டெனாக்கள் சாலையையும் குடியிருப்பையும் நோக்கிச் சற்றே கீழே சாய்த்து வைக்கப்படுபவை. கடலுக்குக் கிடைப்பது அவற்றின் மிச்சம். பழைய 2ஜி முறையில் கோபுரத்திலிருந்து 35 கி.மீ. தாண்டினால், அலை எட்டினாலும் நேரக் கணக்கு ஒத்துவராமல் இணைப்புக் கிடைக்காது. 4ஜியில் 100 கி.மீ. வரை கோபுரத்தை அமைக்க விதி இடம் தருகிறது என்றாலும், வழக்கமான அமைப்பு சுமார் 14 கி.மீ.க்கானதே. பக்கத்தில் போகும் இன்னொரு படகில் சிக்னல் இருக்க, நம் படகில் இல்லாததற்கு அவர்களின் சிம் வேறு நிறுவனத்தினுடையது என்பதே பெரும்பாலும் காரணம்.

ஆண்டெனா

பணத்தை முதலில் போட வேண்டிய இடம் ஆண்டெனா. ஒரு திசை மட்டும் பார்க்கும் ஆண்டெனா தொலைவில் நன்றாக எடுக்கும். 1926-இல் ஜப்பானில் உடாவும் யாகியும் உருவாக்கியது அந்த வகை. வீட்டு மாடிகளில் தூர்தர்ஷனுக்காக நின்றதும் அதுவே. ஆனால் படகு திரும்பும்போதெல்லாம் அதையும் திருப்ப வேண்டும். நங்கூரமிட்டு நிற்கும் படகுக்கு மட்டுமே அது பொருந்தும். ஓடும் படகுக்கு எல்லாத் திசையும் பார்க்கும் நெடுங்குழல் ஆண்டெனா வேண்டும்.

அதிலும் அட்டையில் அச்சிட்ட டெசிபல் எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. எல்லாத் திசை ஆண்டெனாவின் பெருக்கம் கூடக் கூட, அதன் பார்வை செங்குத்தாகச் சுருங்கும். 9 டெசிபல் ஆண்டெனாவின் பார்வை ஏறத்தாழ 15 பாகைதான். அலையில் படகு 20 பாகை சாய்ந்தால் அது ஒரு கணம் வானத்தையும் மறு கணம் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருக்கும். கடைக்காரர் சிபாரிசு செய்யும் பெரிய எண்ணை விட, 4 முதல் 6 டெசிபல் ஆண்டெனா நம் ஃபைபர் படகுக்கும் விசைப்படகுக்கும் ஏற்றது.

அலைவரிசை அடுத்தது. பி.எஸ்.என்.எல். 4ஜி 700, 2100 மெகாஹெர்ட்சிலும், ஜியோ 850, 1800, 2300 மெகாஹெர்ட்சிலும், ஏர்டெல் 900, 1800, 2100, 2300 மெகாஹெர்ட்சிலும் இயங்குகின்றன. கடலில் தொலைவு போவது 700 முதல் 900 வரை உள்ள தாழ்ந்த வரிசையே. மலிவான ஆண்டெனாக்கள் சில, 4ஜி என்று பெயர் போட்டுக்கொண்டு 1700-க்கு மேல்தான் வேலை செய்யும். 698 மெகாஹெர்ட்சிலிருந்து தொடங்குகிறதா என்று விவரத்தாளில் பார்ப்பது நல்லது. 3300 மெகாஹெர்ட்சில் வரும் 5ஜியிடம் துறைமுகம் தாண்டினால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

கேபிளில் கோட்டைவிடுவோர் அதிகம். ஆர்.ஜி.-58 என்ற மெல்லிய கேபிள் 10 மீட்டரில் 900 மெகாஹெர்ட்சு அலையின் மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிடும். எல்.எம்.ஆர்.-400 போன்ற தடித்த கேபிள் அதே நீளத்தில் கால் பங்கை மட்டுமே இழக்கும். ஆண்டெனாவையும் ரூட்டரையும் ஒரே நீர்புகாப் பெட்டியில் மேலேயே வைத்து, ஈதர்நெட் கம்பி வழியாக மின்சாரம் ஏற்றுவது இதற்குச் சரியான வழி. வெயில் சூட்டை அந்தப் பெட்டி தாங்க வேண்டும். உப்புக்காற்று இணைப்பு முனைகளைச் சில மாதங்களில் பச்சை பூக்கச் செய்யும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை முனையில் இழுத்துச் சுற்றி, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்டுதோறும் அவிழ்த்துப் பார்த்து மாற்றுவது போதும்.

ரூட்டர்

ரூட்டரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெளி ஆண்டெனாவுக்கு இரண்டு எஸ்.எம்.ஏ. துளைகள் இருக்க வேண்டும். இரண்டு சிம் இருந்தால் ஒன்று போனால் மற்றதுக்குத் தானே மாறும். 12 வோல்ட்டில் மட்டும் இயங்கும் வீட்டு ரூட்டர் படகுக்கு ஆகாது. என்ஜின் ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி அழுத்தம் சரிந்து ரூட்டர் அணைந்து எழும். லித்துவேனியாவின் டெல்டோனிகா போன்ற நிறுவனங்களின் வாகன ரூட்டர்களில் 9 முதல் 50 வோல்ட் வரை தாங்குபவை உண்டு. 150 மெகாபிட் வேகம் தரும் 4-ஆம் வகை 4ஜி மோடமே போதும். கடலில் அந்த வேகமும் கிடைக்கப் போவதில்லை.

பாக் நீரிணையில் தனியாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கி.மீ. என்பதால் போன்கள் இலங்கைக் கோபுரத்துக்குத் தாவிவிடும். ரூட்டரில் ரோமிங்கை அடைத்து, நிறுவனத்தைக் கையால் தேர்ந்து வைப்பதே பில்லைக் காக்கும்.

சட்டம்

சிக்னல் பெருக்கி எனக் கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படும் பூஸ்டர்களை உரிமமின்றி வைத்திருப்பதே குற்றம். ஆண்டெனாவில் அலையைப் பெருக்கும் மின்கருவி ஏதும் இல்லாததால் அதற்கு அந்தத் தடையில்லை. துரயா, இரிடியம் செயற்கைக்கோள் போன்களுக்கு இந்தியாவில் அனுமதியில்லை. இன்மார்சாட் மட்டும் பி.எஸ்.என்.எல். வழியாகக் கிடைக்கும்.

அலைபேசிக்கு அப்பால்

அலைபேசி எட்டாத கடலில் என்ன ஆகும் என்பதை 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் காட்டியது. இரயுமன்துறை முதல் நீரோடி வரையுள்ள குமரி மாவட்ட ஊர்களின் ஆழ்கடல் படகுகள் பல நாள் முன்பே புறப்பட்டுவிட்டிருந்தன. எச்சரிக்கை அவற்றைச் சென்று சேரவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. அதன் பின்னர் 2019-இல் ககன் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் ஜெமினி கருவி அறிமுகமானது. அது கேட்கும், பேசாது. கோவை எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகம், கேரளத்தின் அமிர்தபுரி வளாகத்திலிருந்து ஓஷன்நெட் என்ற பெயரில் கரையிலிருந்து 40 கி.மீ.க்கு மேல் நீளும் வைஃபையைப் படகுகளில் சோதித்தது. படகின் மேல் திசை ஆண்டெனா, உள்ளே ரூட்டர், தொழிலாளர் கையில் சாதாரண போன் என்பது அதன் அமைப்பு.

2024 ஆகஸ்ட் 30 அன்று ஒரு லட்சம் மீன்பிடி படகுகளுக்கு இஸ்ரோவின் இருவழிச் செய்தி டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. 2025 ஜூனில் ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு இந்திய உரிமம் கிடைத்தது.

ரூட்டர் பொருத்திய படகும் வி.எச்.எஃப். செட்டைக் கழற்றக் கூடாது. கோபுரம் எட்டும் தூரத்தில் உதவிக்கு இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554. தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093.