வால்வின் நாதமும் அயலவர் உறக்கமும்



வால்வு வானொலிப் பெட்டிகள் வீட்டுக் கூடத்தில் வீற்றிருந்த காலத்தை உங்களிற் சிலரேனும் மறந்திருக்கமாட்டீர்கள். திருகியைத் திருப்பியவுடன் குரல் எழாது. உள்ளேயுள்ள கண்ணாடிக் குமிழ்கள் செந்நிறமாய்ச் சூடேறிச் சிறிது நேரம் சென்ற பின்னரே செய்தி கேட்கும். திரான்சிற்றர் வந்தது, அப்பெட்டிகள் பரணேறின. ஆயினும் ஒரு கூட்டத்தார் மாத்திரம் வால்வைக் கைவிட மறுத்துவிட்டனர். மின் கிற்றார் வாசிப்போரே அவர்கள். அவர்கள் ஏன் மறுத்தனர், அதனால் அவர்களுக்கு வந்த இடர் யாது, அவ்விடரைத் தீர்க்கக் கைவினைஞர் என்னென்ன திருத்தங்களைச் செய்தனர் என்பவற்றையே இன்று பேச எண்ணுகிறேன்.

1904 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஃபிளெமிங் என்பார் முதல் வால்வை அமைத்தார். ஈராண்டின் பின் அமெரிக்கரான லீ டி ஃபொரெஸ்ட் அதனுள் மூன்றாவது மின்வாயாக ஒரு சிறு கம்பிவலையைப் புகுத்தினார். அவ்வலையிற் படும் மெல்லிய மின் அசைவு, சூடான இழையிலிருந்து புறப்படும் இலத்திரன்களின் பெருக்கை அடக்கவும் விடவும் வல்லதாயிற்று. சிறு மதகு பெருவாய்க்காலை ஆள்வது போன்றது இது. விரியலாக்கி என்று நாம் சொல்லும் கருவியின் உயிர் இதுவே.

நடன மண்டபங்களில் எக்காளங்களுக்கும் முரசுகளுக்கும் நடுவே கிற்றாரின் குரல் அமிழ்ந்துபோயிற்று. 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பாக்கர் முதலியோர் மின் கிற்றாரை விற்பனைக்குக் கொணர, அதற்குத் துணையாக வால்வு விரியலாக்கியும் வந்தது. கலிபோர்னியாவில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர், 1940களில் அத்துறையிற் புகுந்து பெரும்புகழ் பெற்றார். அவர் கிற்றார் வாசிக்கத் தெரியாதவர் என்பது ஒரு வேடிக்கை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்காலப் பொறியியலாளரின் நோக்கம், உட்சென்ற ஒலி மாறாமல், பருமை மட்டும் மிகுந்து வெளிவருவதேயாம். ஒலி சிதைவது அவர்களுக்குப் பெருங்குற்றம். 1927 ஆம் ஆண்டு ஆகத்து 2 ஆம் நாள், பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹரல்ட் பிளாக், நியூயோர்க்கு நோக்கிப் படகில் வேலைக்குச் செல்லும்போது, கையிலிருந்த செய்தித்தாளின் மீதே ஒரு குறிப்பை எழுதினார். வெளிவரும் ஒலியின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்ளே திருப்பிவிட்டாற் சிதைவு பெரிதும் அடங்கும் என்பதே அக்குறிப்பு. தொலைபேசிக்கு அது பெரும் வரமாயிற்று.

கிற்றார்காரர்களோ அந்தக் குற்றத்தையே காதலித்தார்கள். 1951 ஆம் ஆண்டில் மெம்பிஸ் நகரில் "ரொக்கெட் 88" என்னும் பாடல் பதிவானது. வரும் வழியில் வில்லி கிசார்ட்டின் விரியலாக்கி பழுதடைந்துவிட, அதன் ஒலிக்கூம்பிற் காகிதத்தைத் திணித்துச் சமாளித்தார்கள் என்பர். உறுமல் கலந்த அவ்வொலி கேட்டோரைக் கவர்ந்தது. 1964 இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தமது சிறிய விரியலாக்கியின் கூம்பைச் சவர அலகினாற் கீறியே அத்தகைய ஒலியைப் பெற்றார்.

இவர்கள் கூம்பைக் கெடுத்துப் பெற்றதைப் பிறர் வால்வை வருத்திப் பெற்றனர். வால்வை அதன் எல்லைக்கு அப்பால் உந்தினால், ஒலியலையின் சிகரம் சட்டென்று வெட்டுண்ணாது, மெல்ல மழுங்கும். அப்போது மூலச் சுரத்துடன் அதன் மேற்சுரங்கள் பலவும் கலக்கின்றன. மீட்டிய தந்தியின் ஒலி விரைவில் அவியாது நின்று நீள்கிறது. விரலை மெதுவாக வைத்தாற் கனிவு, அழுத்தினால் முழக்கம் என்று கருவி கையின் குறிப்பறிந்து பேசுகிறது. வயலின் வில்லிற்கு இணையான ஒரு வசதி, தந்தியை மீட்டுவோனுக்கு இவ்வாறு கிடைத்தது. வால்வை அவர்கள் கைவிடாமைக்குக் காரணம் பழமைப்பற்று மட்டுமன்று.

இனி இடருக்கு வருவோம். இலண்டனின் ஹன்வெல் பகுதியில் முரசு கற்பித்துவந்த ஜிம் மார்ஷல் 1960 இல் ஓர் இசைக்கருவிக் கடை திறந்தார். 1962 இல் அவரும் கென் பிரான், டட்லி கிரேவன் என்போரும், ஃபெண்டரின் "பாஸ்மன்" அமைப்பைப் பின்பற்றி ஒரு விரியலாக்கியை ஆக்கினர். கடைக்கு வந்த இளைஞர்கள் இன்னும் உரத்த ஒலி கேட்டனர். ஹூ குழுவின் பீற்றர் டவுன்சென்ட் கேட்டதற்கிணங்க 100 உவாற்று விரியலாக்கி பிறந்தது. கூட்டங்கள் பெருகிய காலம் அது. 1965 இல் நியூயோர்க்கின் ஷே விளையாட்டரங்கில் 55,000 பேருக்கு முன் வாசித்த பீற்றில்ஸ் குழுவினரின் 100 உவாற்றுக் கருவிகள், இரசிகரின் கூச்சலில் மூழ்கிப்போயின.

அரங்கிற்கு ஏற்ற அக்கருவி வீட்டுக்கு வந்தபோதுதான் சிக்கல் பிறந்தது. வால்வு இனிமையாகச் சிதைவது அது முழு வலிமையை அணுகும்போதே. திருகியை இறக்கினால் அயலவர் உறங்குவர். ஆனால் நாதமும் உடன் உறங்கிவிடும். 100 உவாற்றை 50 ஆக்கினாற் குறைவது 3 தெசிபெல் மட்டுமே. செவிக்கு ஒலி பாதியாகத் தோன்ற வேண்டுமாயின், ஏறக்குறைய 10 உவாற்றுக்கு இறங்க வேண்டும். 1933 இல் ஃபிளெச்சரும் மன்சனும் வெளியிட்ட ஆய்வு மற்றொன்றையும் காட்டிற்று: ஒலி மெலியும்போது நமது செவி, கீழ்ச்சுரங்களை நடுச்சுரங்களைவிட மிகுதியாக இழக்கிறது. ஆகவே குறைந்த ஒலியில் நாதம் சோனியாய்த் தோன்றுவதில் கருவியின் குற்றமும் உண்டு; காதின் குற்றமும் உண்டு. உரத்து வாசித்தோர் கொடுத்த விலையோ பெரிது. டவுன்சென்ட் தமது செவிப்புலன் கெட்டதைப் பின்னாளில் வெளிப்படையாகவே கூறியிருக்கிறார்.

முதல் வழி மிக எளியது. சிறிய கருவியைத் தேடுவது. 1970 இல் மயாமி நகரில் "லைலா" இசைத்தட்டுப் பதிவானபோது, எரிக் கிளப்டன் பயன்படுத்தியவற்றுள் ஃபெண்டரின் "சாம்ப்" என்னும் சின்னஞ்சிறு விரியலாக்கியும் ஒன்று. அதன் வலிமை ஐந்து உவாற்று அளவே. இசைத்தட்டைக் கேட்போர் அதனை ஊகிக்கவும் மாட்டார்.

அடுத்தது, ஒரே திருகிக்குப் பதிலாக இரண்டு வைத்தல். முன்கட்ட வால்வுகளை ஒரு திருகி தாராளமாக உந்தும். பின்னேயுள்ள மற்றொரு திருகி இறுதிக்கட்டத்திற்குச் செல்வதை அடக்கும். கலிபோர்னியாவில் ரண்டல் ஸ்மித் என்பார் ஃபெண்டர் கருவிகளைத் திருத்தியமைத்து, 1970களின் தொடக்கத்தில் இம்முறையைப் பிரபலமாக்கினார். 1975 இல் மார்ஷல் நிறுவனமும் இதனை ஏற்றுக்கொண்டது. ஆயினும் முன்கட்டம் மட்டுமே உழைக்க, இறுதி வால்வுகள் சோம்பியிருக்கின்றன. நாதத்தில் ஒரு வண்டின் இரைச்சல் கலக்கிறது என்பது பலரின் குறை. அக்குறை நியாயமானதே என்பது என் எண்ணம்.

இங்கே ஒரு சிறு திருத்தத்தைச் சொல்லாமற் போகலாகாது. பழைய மார்ஷல் கருவிகள் சிலவற்றில், மேற்சுரங்களை எடுப்பாக்கும்பொருட்டு, ஒலித்திருகியின் குறுக்கே 5000 பைக்கோஃபரட் கொள்ளளவி ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. திருகி முழுவதும் திறந்திருக்கையில் அதற்கு வேலையில்லை. திருகியைக் குறைக்கக் குறைக்க, அது மேற்சுரங்களை மட்டும் கடத்திவிட்டுக் காதைக் குத்தும். அதனை நீக்கினால், அல்லது சிறியதொன்றை இட்டால், மெல்லொலியிலும் நாதம் நிறைந்து கேட்கும். சில சதமே பெறும் பொருள், பலன் பெரிது.

ஒலிபெருக்கிக்கு முன்னே வலிமையை வெப்பமாக்கி எரித்துவிடுவது வேறொரு வழி. பொஸ்டன் குழுவின் தலைவரும் பயின்ற பொறியியலாளருமான ரொம் ஷோல்ஸ், 1980 ஆம் ஆண்டளவில் இத்தகைய தடைப்பெட்டியொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தார். இறுதி வால்வுகளும் முழுமையாக உழைக்கும். அறையில் ஒலி குறையும். இதன் ஓம் அளவு பொருந்தியிருத்தல் வேண்டும். சுமையின்றி வால்வு விரியலாக்கியை இயக்கினால் வெளியீட்டு நிலைமாற்றி எரிந்துபோகலாம். எட்வர்ட் வான் ஹாலனோ 1970களில் மின்னழுத்தத்தையே ஏறக்குறைய 90 வோல்ற்றுக்குத் தாழ்த்தித் தமது 100 உவாற்று மார்ஷலை அடக்கியாண்டார்.

நான்கு இறுதி வால்வுகளில் இரண்டைக் கழற்றுவோரும் உண்டு. முன்னே சொன்ன கணக்கின்படி அதனாற் கிட்டும் தணிவு 3 தெசிபெல்லே. அதனினும் நன்று, உணர்திறன் குறைந்த ஒலிபெருக்கியொன்றை மாற்றி வைத்தல். 100 தெசிபெல் தருவதற்குப் பதிலாக 94 தருவதை வைத்தால், வலிமையை நாலிலொன்றாக்கியதற்குச் சமம். சூட்டுக்கோல் பிடிக்கவும் தேவையில்லை.

சூட்டுக்கோல் பிடிப்போருக்கு ஓர் எச்சரிக்கை. இவ்விரியலாக்கிகளுள் 400 வோல்ற்றுக்கும் மேல் ஓடுவதுண்டு. மின்னிணைப்பைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவிகள் அதனைத் தேக்கி வைத்திருக்கும். ஆளைக் கொல்லவும் கூடும். அவற்றைத் தக்க தடையியொன்றினூடாக வெறுமையாக்கி, மானியால் அளந்து பார்த்த பின்னரே கைவைத்தல் வேண்டும். பழக்கமில்லாதோர் தேர்ந்த கைவினைஞரிடம் ஒப்படைப்பதே முறை.

ஜிம் மார்ஷல் 2012 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் காலமானார். அவருடைய நிறுவனத்துக்கு ஐம்பது ஆண்டு நிறைந்ததும் அவ்வாண்டிலேதான். அதனைக் கொண்டாட, தாங்கள் கடந்துவந்த ஒவ்வொரு பத்தாண்டின் நாதத்தையும் நினைவூட்டும் ஐந்து சிறு வால்வு விரியலாக்கிகளை அந்நிறுவனத்தார் வெளியிட்டனர். அவை ஒவ்வொன்றின் வலிமையும் ஒரே ஓர் உவாற்று.