நாள் கணக்கு: ‘நாளையிலேர்ந்து வர வேணாம்’ என்பதன் வரலாறு

வேலை போனதைச் சொல்ல எங்கள் சேரியில் ஒரே சொல்தான் உண்டு: ‘நிப்பாட்டிட்டாங்க’. பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்ட என் தாத்தா அப்படித்தான் சொன்னார். ஆலையிலிருந்து திரும்பி வந்த நானும் அப்படித்தான் சொன்னேன். ‘ஆட்குறைப்பு’ என்ற சட்டச் சொல் பின்னால் வக்கீல் வாயிலிருந்து வந்தது. இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் ஓர் எண் நிற்கிறது: 240. பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை பார்த்தவனை நிறுத்தினால் சட்டம் திரும்பிப் பார்க்கும். 239 நாள் பார்த்தவனை அவ்வளவாகப் பார்க்காது.

நம் தொழிற்சங்க வரலாறுகள் பெரும்பாலும் நிரந்தரத் தொழிலாளியின் வரலாறுகள். ஆறு மாசம், எட்டு மாசம் உழைத்துவிட்டு வெளியே வந்தவனுக்கு அவற்றில் ஒரு பத்திகூட இருக்காது. அவனுடைய வரலாற்றை நெரவியிலிருந்து எழுதிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பிரெஞ்சுக்காரன் சட்டம், சென்னை ராஜதானிச் சட்டம், இந்தியச் சட்டம் என்று மூன்றையும் கிட்டத்தில் பார்த்த மண் இது.

காரைக்கால் துறைமுகத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் ரியூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் கப்பலாக ஆட்கள் போனார்கள். பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் 1861இல் செய்துகொண்ட உடன்படிக்கை அதற்கு விதி வகுத்தது. ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. அந்தக் காலவரை தோட்டத்தை விட்டு ஆள் போகாமல் இருக்கக் கட்டிய வேலி. ‘ஒப்பந்தக் கூலி’ என்ற சொல் அப்போதே இந்தக் கரையில் புழங்கிவிட்டது. பின்னாளில் அதே சொல் வேறு வேலைக்குப் பயன்பட்டதைக் கீழே சொல்கிறேன்.

கப்பல் ஏறாதவன் பண்ணையில் இருந்தான். பண்ணையாள் என்பவன் கடனால் ஆண்டையோடு கட்டப்பட்டவன். அவனாக விலக முடியாது. ஆண்டை நினைத்தால் எந்த விடியலிலும் விலக்கலாம். கூலி மரக்கால் கணக்கில் நெல். குடியிருக்கும் மனைக்கட்டும் ஆண்டையுடையது என்பதால் வேலை போனால் குடிசையும் போகும். இந்த ஏற்பாட்டைத் தொட்ட முதல் பெரிய சட்டம் 1952இல் வந்தது. கம்யூனிஸ்டுகளும் விவசாயச் சங்கமும் தஞ்சை மாவட்டத்தைக் குலுக்கிய பிறகு, ராஜாஜி அரசு அந்த ஆகஸ்டில் அவசரச் சட்டம் போட்டது. அதுதான் தஞ்சாவூர்ச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமாக ஆனது. பண்ணையாளுக்குக் கூலி நிர்ணயம், காரணமில்லாமல் விலக்கக்கூடாது என்ற தடை, விலக்கினால் முறையிட ஓர் அதிகாரி எல்லாம் அதில் இருந்தன.

மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? பாதுகாப்பு பண்ணையாளுக்குத்தானே, பண்ணையாளே இல்லாமல் செய்துவிட்டால்? நிலையான ஆட்களை விலக்கிவிட்டு அதே ஆட்களை அன்றாடக் கூலிக்குக் கூப்பிட்டார்கள். வயல் அதேதான், கையும் அதேதான். பெயர் மட்டும் பண்ணையாளிலிருந்து கூலியாளுக்கு மாறியது. சட்டம் பாதுகாக்கும் பெயரிலிருந்து ஆளை நகர்த்திவிடும் இந்தத் தந்திரம் இங்கே பிறந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் நாம் அதை முதலில் அனுபவித்த இடம் வயல்தான். பின்னால் ஆலைகளும் அலுவலகங்களும் செய்தது இதன் மறுபதிப்பு.

நெரவிக்கு அந்தச் சட்டமும் வரவில்லை. 1954 நவம்பர் 1 வரை காரைக்கால் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் உறவுக்காரன் அதிகாரியிடம் மனு எழுதிக்கொண்டிருக்கையில் இந்தப் பக்கம் கொம்யூனில் அப்படி ஒரு காகிதமே இல்லை.

பிரெஞ்சு ஆட்சியில் தொழிலாளர் சட்டமே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, ரத்தத்தில் வந்தது. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் செத்தார்கள். வ. சுப்பையா முன்நின்ற அந்தப் போராட்டத்தின் விளைவாக 1937 ஏப்ரல் 6இல் பிரெஞ்சிந்தியாவுக்கான தொழிலாளர் ஆணை பிறந்தது. எட்டு மணி நேர வேலை நாள் அதன் வழியாக வந்தது. ஜூலை 30ஐ இன்றும் புதுச்சேரியில் நினைவுகூர்கிறார்கள். எங்கள் பெரியவர்களும் அந்தத் தியாகத்தை மதித்தார்கள். ஆனால் நெரவி வயலில் நடவு நட்ட பெண்களுக்கு எட்டு மணி என்ற பேச்சே எட்டவில்லை. வயலுக்கு வருகைப் பதிவேடு கிடையாது. பதிவேடு இல்லாதவளுக்கு எந்த எண்ணும் சொந்தமில்லை.

இங்கே அம்பேத்கர் 1938இல் மன்மாட்டில் தாழ்த்தப்பட்ட ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் பேசியதை நினைக்கவேண்டும். ரயில்வேயில் தீண்டப்படாதவன் ‘கேங்மேன்’ வேலையிலேயே காலமெல்லாம் கிடக்கிறான், போர்ட்டராகக்கூட ஆக முடிவதில்லை என்றார். போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்யவேண்டும், தீட்டுப் பார்க்கிற வீட்டுக்குள் அவனை எப்படி விடுவார்கள்? ஆலையிலும் நெசவுப் பகுதிக்குள் அவனை விடவில்லை. யார் நிரந்தரம், யார் ஓரம் என்பதைச் சாதி முதலில் தீர்த்துவிடும்; சட்டம் அப்புறம்தான் வந்து எண்ணத் தொடங்கும்.

அந்த எண் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் 1953இல் சேர்க்கப்பட்ட ஆட்குறைப்புப் பகுதியில் வருகிறது. ஓராண்டு தொடர்ச்சியாக வேலை செய்தவனை நிறுத்த ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அந்த மாதச் சம்பளம், ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம். 240 நாள் வேலை செய்திருந்தால் ஓராண்டாகக் கணக்கு. புதுச்சேரிப் பிரதேசத்துக்கு இந்தச் சட்டம் 1963 அக்டோபர் 1இல் நீட்டிக்கப்பட்டது. ஆக, நெரவிக்காரனுக்கு 240 என்ற எண் வந்து சேர்ந்தபோது மற்றவர்களுக்குப் பத்து வயது ஆகியிருந்தது.

எண்ணை உடைக்கவும் முதலாளிகள் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். என் கதையைச் சொல்கிறேன். காரைக்கால் பக்கம் ஓர் ஆலை, பெயர் இங்கே வேண்டாம். ஹெல்பராகச் சேர்ந்தேன். ஏழாவது மாசம் மேஸ்திரி வந்து, “ஒரு வாரம் வீட்ல இருந்துட்டு வாப்பா, புது கார்டு போடணும்” என்றார். திரும்பிப் போனால் வேறு கான்ட்ராக்டர் பெயரில் கார்டு. அதற்கப்புறம் மூன்று மாசம். “ஆர்டர் இல்ல, ஆள் குறைக்கிறாங்க. நாளையிலேர்ந்து வர வேணாம்.” கார்டைக் கேட்டிலேயே வாங்கிக்கொண்டார்கள். அன்று வெளியே வந்த ஒன்பது பேரில் ஏழு பேர் எங்கள் தெருவும் பக்கத்துச் சேரியும். ஊர்த்தெருப் பையன்கள் ஆபீசில், ஸ்டோரில் இருந்தார்கள். அவர்களுக்கு ‘பிரேக்’ கிடையாது. எவனும் எங்களைச் சாதி சொல்லி விலக்கவில்லை. கார்டு நிறம்தான் வேறு.

இந்த ‘பிரேக்’ தந்திரத்துக்கு உச்ச நீதிமன்றம் ஒருமுறை ஓங்கி ஓர் அடி கொடுத்தது. ஸ்டேட் பாங்க் எதிர் சுந்தரமணி வழக்கு, 1976. விட்டுவிட்டு வேலை கொடுக்கப்பட்ட ஒரு தற்காலிக காஷியர். கடைசி உத்தரவு ஒன்பது நாளுக்குத்தான், அதோடு வேலை தானாக முடிந்துவிடும் என்று அந்த உத்தரவிலேயே எழுதியிருந்தார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலும் அது ஆட்குறைப்புத்தான், முன்கூட்டியே தேதி எழுதிவைத்துத் தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தார். 1985இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கித் தொழிலாளர் வழக்கில், சம்பளத்தோடு விடுகிற ஞாயிறும் விடுமுறையும் 240இல் சேரும் என்றும் சொல்லப்பட்டது.

ஆனால் 1984இலேயே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திவிட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் விட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது என்று ஒரு துணைப்பிரிவு நுழைந்தது. தோட்டக்காரன் ஆளைப் பிடித்துவைக்கக் கண்டுபிடித்த காலவரை, இப்போது ஆளை வெளியே தள்ளும் கதவாயிற்று.

இனி நெரவிக்கு வருவோம். ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலக வளாகம் நெரவியில்தான் இருக்கிறது. அந்தக் காவிரித் திட்டத்தின் காவல் தொழிலாளர்கள் நடத்திய வழக்கு நம் இளைஞர்கள் படிக்கவேண்டிய பாடம். 1976 டிசம்பரில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பெருக்குதல், துப்புரவு, தூசி தட்டுதல், காவல் ஆகிய வேலைகளுக்கு ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக்கூடாது என்றது. அதன் பிறகு அந்தக் காவலாளிகள் பிரியதர்ஷினி இந்திரா கூட்டுறவுச் சங்கம் என்ற பெயரின் வழியாக வேலை செய்தார்கள். 1988 ஜனவரி 13இல் நிர்வாகமே நேரடியாகக் குறிப்பிட்ட காலத்துக்கான நியமனக் குறிப்பாணை கொடுத்தது. காலம் முடிந்தும் வேலை தொடர்ந்தது. நிரந்தரம் மட்டும் வரவில்லை. பெட்ரோலியம் நிலக்கரித் தொழிலாளர் சங்கம் தகராறு எழுப்பியது. அது 1991ஆம் ஆண்டு வழக்காகச் சென்னைத் தொழில் தீர்ப்பாயத்தில் பதிவானது. 1999 மே மாதம் தீர்ப்பாயம், அவர்கள் 480 நாள் முடித்த 1990 ஜனவரி 13 முதல் நிரந்தரமாக்கச் சொன்னது. நிர்வாகம் உயர் நீதிமன்றம் போய்த் தோற்றது. 2011இல் இரு நீதிபதி அமர்வில் மறுபடி தோற்றது. 2015 ஏப்ரல் 17இல் உச்ச நீதிமன்றமும் தொழிலாளர் பக்கம் நின்றது. நிர்வாகத்தின் நிலையாணைகளே 240 நாள் முடித்த தற்காலிகத் தொழிலாளியை நிரந்தரத்துக்குப் பரிசீலிக்கச் சொல்கின்றன என்பது முக்கியமான ஆதாரம்.

உரிமை பிறந்தது 1990இல், உறுதியானது 2015இல். 25 ஆண்டு. சங்கம் இல்லாத தனியாள் எவனாவது அதுவரை தாக்குப்பிடித்திருப்பானா?

எதிர்க்காற்றும் அடித்தது. 1976 அறிவிக்கையை 2001இல் செயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. துடைப்பம் பிடிக்கிற வேலையை இந்த நாட்டில் யார் செய்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை; ஆக, அந்த ரத்து யார் தலையில் விழுந்தது என்பதும் தெரிந்ததே. 2002இல் ஹதிமானி வழக்கில், 240 நாளை நிரூபிக்கவேண்டியது தொழிலாளியே, அவன் சொல் மட்டும் போதாது என்றார்கள். 2006 உமாதேவி தீர்ப்பு, முறையான தேர்வு இல்லாமல் அரசு வேலையில் சேர்ந்தவர்கள் நிரந்தரம் கேட்பதற்குப் பெரிய தடை போட்டது. 2020இல் ஓ.என்.ஜி.சி.யின் வேறொரு வழக்கில், நம் 2015 தீர்ப்பையே பெரிய அமர்வு மறுபடி பார்க்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கருதியது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் காற்று சற்றுத் திரும்பியது. மத்திய நீர் ஆணையத்தில் நீண்டகாலம் துப்புரவு வேலை பார்த்து ஒரே நாளில் நிறுத்தப்பட்ட பெண்களை நிரந்தரமாக்க அது உத்தரவிட்டது.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழில் தகராறு சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. 240 நாள் கணக்கு, 15 நாள் இழப்பீடு இரண்டும் தொடர்கின்றன. ஆட்குறைப்பானால் திறன் பயிற்சி நிதியாக இன்னொரு 15 நாள் ஊதியம் உண்டு. ஆனால் ‘குறித்த கால வேலை’ சட்டபூர்வமாகிவிட்டது. தேதி முடிந்தால் ஆட்குறைப்பே இல்லை. ஓராண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு என்பது அதில் உள்ள நல்லது. பதினோரு மாத ஒப்பந்தம் போட்டால் அதுவும் இல்லை.

அப்படியானால் 240 எட்டாதவனுக்கு ஒன்றுமே இல்லையா? அப்படி நினைத்துத்தான் நம் பிள்ளைகள் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். நிறுத்திய இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளம் முழுதும் தரவேண்டும். கடைசியாக வந்தவனை முதலில் நிறுத்து என்ற விதி உண்டு. பின்னால் வந்தவனை வைத்துக்கொண்டு உன்னை அனுப்பினால் காரணம் கேட்கலாம். மறுபடி ஆள் எடுத்தால் நிறுத்தப்பட்டவனுக்கு முன்னுரிமை. இந்த உரிமைக்கு 240 நாள் தேவையில்லை என்று 1996இல் சென்ட்ரல் பாங்க் எதிர் சத்யம் வழக்கில் பழைய சட்டத்தின் கீழ் தீர்ப்பானது. புதிய தொகுப்பு அந்த முன்னுரிமையை ஓராண்டுக்குள் என்று சுருக்கியிருக்கிறது. சமரச அதிகாரியிடம் போவதற்கும் இரண்டு ஆண்டுதான் கெடு.

எல்லாவற்றுக்கும் வேண்டியது சாட்சியம். சம்பளச் சீட்டு, கேட் பாஸ், பி.எஃப். எண், வங்கியில் விழுந்த கூலியின் பதிவு. 2005இல் எல்லட்டி வழக்கில், தொழிலாளி கூண்டேறிச் சாட்சி சொல்லி, நிர்வாகத்திடம் இருக்கும் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கலாம் என்று தெளிவானது. நெரவியிலும் திருமலைராயன்பட்டினத்திலும் இப்போது வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் நாங்கள் சொல்வது இது: ஒரு நோட்டு வாங்கு. போன நாள், ஷிப்ட், கான்ட்ராக்டர் பெயர், கூட நின்றவன் பெயர் எல்லாம் அன்றன்றைக்கு எழுது. கார்டு வாங்கியதும் போட்டோ எடுத்து வை. அந்த நோட்டு மட்டும் வழக்கை ஜெயித்துத் தராது. ஆனால் அவர்கள் பதிவேட்டில் எந்த நாளைத் தேடவேண்டும் என்று அது சொல்லும். பத்துப் பேர் நோட்டைச் சேர்த்து வைத்தால் அங்கிருந்து ஒரு சங்கம் தொடங்கலாம். போன மாசம் எங்கள் தெருவில் நான்கு பிள்ளைகள் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள்.