மீட்பு என்னும் அழிப்பு

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நடத்திவந்த சிறுபத்திரிகையின் இணையதளத்தை யாரோ உடைத்துவிட்டார்கள். முகப்பில் கட்டுரைகள் இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரங்கள். தளத்தைப் பார்த்துக்கொண்ட தம்பி ராத்திரியெல்லாம் கண் விழித்து, நாலு மாசத்துக்கு முந்தைய பேக்கப்பை எடுத்துப் போட்டுச் சரிசெய்தார். விடிகாலையில் போன் பண்ணி, "எல்லாம் பழையபடி வந்தாச்சுண்ணே" என்றார்.

வந்திருக்கவில்லை. அந்த நாலு மாதத்தில் ஏற்றிய கட்டுரைகள் இல்லை. சாதி குறித்த ஒரு விவாதத்தில், கட்டுரையாளர் தன் பிழையை ஒப்புக்கொண்டு எழுதிய திருத்தமும் இல்லை. திருத்தப்படாத பிழை மட்டும் பத்திரமாகத் திரும்பியிருந்தது.

மீட்பு என்ற சொல்லை நாம் எப்போதும் நல்ல சொல்லாகவே புழங்கிவந்திருக்கிறோம். ஆனால் ஒரு பிரதியை முந்தைய நிலைக்குக் கொண்டுபோவது இடைப்பட்ட காலத்தை அழிப்பதும்தான். இடையில் பேசியவர்கள் பேசாதவர்களாகிறார்கள். எந்தத் தேதிக்குத் திரும்புவது என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்விபோலத் தெரியும். யாருடைய காலத்தைக் கைவிடுவது என்ற கேள்வி அதற்குள் ஒளிந்திருக்கிறது.

பேக்கப்பின் வரலாற்றில் கவனத்துக்குரிய நாள் 2017 ஜனவரி 31. நிரலாளர்கள் தம் வேலையைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில், பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுகளை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பாதுகாப்புக்கு ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். ஒன்றுகூட நம்பும்படி இல்லை. ஒரு வழியில், மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால் நகலே எடுக்கப்படவில்லை. அதை எச்சரித்துப் போன மின்னஞ்சல்களைப் பெறவேண்டிய சர்வர் ஏற்க மறுத்துக்கொண்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, கேட்க ஆளில்லை. கடைசியில் கைகொடுத்தது, ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு வேறொரு சோதனைக்காக ஒருவர் கையால் எடுத்திருந்த நகல். நிரல்கள் தப்பின. அந்த ஆறு மணி நேரத்தில் தரவுத்தளத்தில் பதிவானவை போயின.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர்கள் தோல்வியை மறைக்கவில்லை. மீட்கும் வேலையையே நேரலையில் காட்டினார்கள். என்ன போனது, ஏன் போனது என்று விரிவாக எழுதி வெளியிட்டார்கள். இழப்பும் அந்தத் தளத்தின் வரலாற்றில் ஒரு பகுதியானது.

ப்ரூஸ்டர் காலே 1996இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய இன்டர்நெட் ஆர்கைவ் இன்னொரு முறையைக் கையாள்கிறது. 2001இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அதன் வேபேக் மெஷின், ஒரு பக்கத்தின் பல தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. புதியது பழையதை அழிப்பதில்லை. பழையது புதியதை அழித்துக்கொண்டு வந்து உட்காருவதுமில்லை. ஆனால் அதுவும் எல்லாவற்றையும் எடுத்து வைப்பதில்லை. 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு உள்ளாகி அதுவே சில நாள் முடங்கிக் கிடந்தது. காப்பகத்துக்கும் காவல் வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கங்களில் பாதி அங்கே கிடைத்தன. அந்தத் திருத்தம் கிடைக்கவில்லை. உடைந்த தளத்தின் கோப்புகளில் அது இருந்திருக்கலாம். அவற்றைத்தான் நாங்கள் குப்பையென்று துடைத்துவிட்டோமே. கட்டுரையாளரிடம் கூச்சத்தோடு கேட்டோம். மறுபடி எழுதித் தந்தார். ஆனால் முதலில் எழுதியதில் இருந்த குற்றவுணர்வு இதில் இல்லை. "இப்ப இவ்வளவுதாங்க வருது" என்றார்.

இப்போது இரண்டு விஷயங்களில் பிடிவாதமாக இருக்கிறோம். பழையதை மீட்பதற்கு முன் உடைந்து கிடப்பதையும் அப்படியே ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வைத்துவிடுவது. மீட்டபின், எந்தத் தேதிக்குத் திரும்பினோம், இடையில் என்னென்ன தொலைந்தன என்பதை முகப்பிலேயே எழுதிவைப்பது.

"பார்க்க அசிங்கமா இருக்குண்ணே" என்கிறார் தம்பி. இருக்கட்டும்.