செப்டம்பர் 1973: ஒரு மாதத்து மரணங்கள்

ஒரே மாதத்தில் இறந்தவர்களின் பட்டியல் என்பது பெரும்பாலும் தற்செயல்களின் தொகுப்புதான். நாள்காட்டி யாரையும் யாரோடும் உறவுபடுத்துவதில்லை. ஒரே நாளில் மறைந்தவர்களாகச் சொல்லப்படும் ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிஸும்கூட இருவேறு நாள்காட்டிகளைப் பின்பற்றிய நாடுகளில் இறந்தவர்கள். உண்மையில் அவ்விரு மரணங்களுக்கிடையே ஏறக்குறைய பத்து நாள் இடைவெளி உண்டு. இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டு வியப்பதில் நமக்கு அதிக நாட்டமில்லை.

ஆயினும் 1973 செப்டம்பரை அவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியவில்லை. அம்மாதம் 2ஆம் தேதி டோல்கீன். 11ஆம் தேதி சிலியின் அதிபர் சல்வடோர் அயெந்தே. 13ஆம் தேதி நமது சஜ்ஜாத் ஜஹீர். 16ஆம் தேதி வாக்கில் பாடகர் விக்டர் ஹாரா. 23ஆம் தேதி பாப்லோ நெரூதா. 29ஆம் தேதி டபிள்யூ. எச். ஆடன். நெரூதா இறந்த அதே நாளில், சம்மர்ஹில் பள்ளியை 1921இல் தோற்றுவித்து வளர்த்த ஏ. எஸ். நீல் இங்கிலாந்தில் காலமானார்; அவரைப் பற்றித் தனியாகத்தான் எழுதவேண்டும். மற்றவர்களோ ஒருவரையொருவர் வாசித்தவர்கள், அல்லது ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடைகளைத் தேடியவர்கள். எழுத்துக்கு உலகில் என்ன வேலை என்பதே அக்கேள்வி.

டோல்கீனிடமிருந்து தொடங்குவது நியாயம். போர்ன்மவுத் நகரில் 81ஆம் வயதில், உலகப் புகழோடு, இயல்பான முதுமையில் அவர் இறந்தார். இரண்டாண்டுகளுக்கு முன் மறைந்த மனைவி எடித்தின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். தம் புராணத்தின் காதலர்களான பெரென், லூதியென் ஆகியோரின் பெயர்களைத் தம் இருவருக்குமாக அக்கல்லில் பொறிக்கச் செய்தது அவரது விருப்பம். வாழ்நாள் முழுவதும் எழுதியும் முடிக்காத ‘சில்மரில்லியன்’ அவர் மகன் கிறிஸ்டோபரின் உழைப்பால் 1977இல் வெளிவந்தது. அரசியலிலிருந்து ஒதுங்கிய கற்பனை என்று ஒரு காலத்தில் இடதுசாரி விமர்சகர்கள் அவரை ஒதுக்கியதுண்டு. அந்தக் கற்பனையின் முதல் பெரிய ஆதரவாளர்களில் ஒருவர் முப்பதுகளின் இடதுசாரிக் கவியான ஆடன் என்பது சுவையான செய்தி. ஆக்ஸ்போர்டில் மாணவராயிருந்தபோது, பேராசிரியர் டோல்கீன் ‘பேவுல்ஃப்’ காப்பியத்தின் பகுதியைப் பழைய ஆங்கிலத்தில் ஓதக் கேட்டு மயங்கியவர் ஆடன். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வெளியானபோது ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் அதைப் பாராட்டி எழுதினார். ஆடனின் அறுபதாம் ஆண்டு நிறைவுக்குப் பேராசிரியர் பழைய ஆங்கிலத்திலேயே ஒரு வாழ்த்துப்பா எழுதினார். பழைய நார்ஸ் மொழியின் எட்டாப் பாடல்களைத் தாம் பங்கேற்று மொழிபெயர்த்த 1969ஆம் ஆண்டுத் தொகுப்பை ஆடன் டோல்கீனுக்கே காணிக்கையாக்கினார். குருவோடு தொடங்கிய அந்த மாதம் சீடரோடு முடிந்தது.

சஜ்ஜாத் ஜஹீரின் மரணம் தொலைவில் நிகழ்ந்தது. ஆப்பிரிக்க ஆசிய எழுத்தாளர் மாநாட்டுக்காகச் சென்றிருந்த அல்மா அட்டாவில், அன்றைய சோவியத் கஸாக்ஸ்தானில், அவர் உயிர் பிரிந்தது. அவர் எழுதிய நூல்களைவிட அவர் உருவாக்கிய இயக்கமே பெரிது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. நமக்கும் பெருமளவு அது உடன்பாடே. 1932இல் லக்னோவிலிருந்து வெளியான ‘அங்காரே’ சிறுகதைத் தொகுப்பை அடுத்த ஆண்டே ஐக்கிய மாகாண அரசு தடைசெய்தது. நான்கு இளம் எழுத்தாளர்களின் அந்தத் தொகுப்பில் அதிகக் கதைகள் ஜஹீருடையவை. பின்னர் லண்டனில் முல்க் ராஜ் ஆனந்த் முதலிய நண்பர்களோடு அவர் உருவாக்கிய அறிக்கையிலிருந்துதான் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் பிறந்தது. 1936 ஏப்ரலில் லக்னோவில் நடந்த முதல் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவர் பிரேம்சந்த். அந்த மரபின் கிளைகளை நாம் அறிவோம்: இலங்கையில் 1954இல் எழுந்த முற்போக்கு எழுத்தாளர் சங்கமும், ஜஹீர் மறைந்து இரண்டாண்டுகளுக்குப் பின் மதுரையில் உருவான தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் அந்த லக்னோ மாநாட்டுக்குக் கடன்பட்டவையே.

நாடு பிரிந்தபின் கட்சியின் ஆணைப்படி பாகிஸ்தானுக்குச் சென்ற ஜஹீர், 1951இல் ராவல்பிண்டி சதி வழக்கில் கைதானார். உடன் கைதானவர்களில் ஃபைஸ் அகமது ஃபைஸும் ஒருவர். இயக்கத்தின் வரலாறான ‘ரோஷ்னாயி’ நூலை ஜஹீர் எழுதியது அந்தச் சிறைவாசத்தில்தான். 1955இல் விடுதலையாகி இந்தியா திரும்பினார். செல்வாக்கு மிக்க நீதிபதி ஒருவரின் மகன், இரண்டு நாடுகளின் சிறைகளைக் கண்டவர், தோழர்களால் ‘பன்னே பாய்’ என்று அன்போடு அழைக்கப்பட்டவர். அவருக்காக ஃபைஸ் ஓர் இரங்கற்பா எழுதினார்.

ஜஹீர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்புதான் சாண்டியாகோவில் அதிபர் மாளிகையின்மீது விமானப்படையின் ஹாக்கர் ஹண்டர் விமானங்கள் குண்டு வீசின. செப்டம்பர் 11, செவ்வாய்க்கிழமை. தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்த மார்க்சியரான அயெந்தே, மகஜானெஸ் வானொலி வழியே மக்களிடம் விடைபெற்றபின், மாளிகையை விட்டு வெளியேற மறுத்து உள்ளேயே உயிர்விட்டார். அவருக்கு வயது 65. கொலையா தற்கொலையா என்ற விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. 2011இல் உடலைத் தோண்டியெடுத்து ஆராய்ந்தவர்கள் தற்கொலை என்றே முடிவு செய்தனர். கொலை என்றே நம்ப விரும்பிய பலருக்கு அம்முடிவு ஏமாற்றமளித்திருக்கலாம். ஆனால் குண்டுமழைக்கு நடுவே ஒருவர் தம் துப்பாக்கியைத் தம்மீதே திருப்பிக்கொள்ளும்போது அதற்கான பொறுப்பு யாருடையது என்பதில் நமக்கு ஐயமில்லை.

விக்டர் ஹாராவை நம்மில் பலர் கிட்டாரோடு நிற்கும் புகைப்படத்தின் மூலமே அறிவோம். அவர் நாடக இயக்குநரும்கூட. தாம் பணியாற்றிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் இரவைக் கழித்தவரை 12ஆம் தேதி இராணுவம் பிடித்தது. ஆயிரக்கணக்கானோர் அடைக்கப்பட்டிருந்த சிலி விளையாட்டரங்குக்கு அவரைக் கொண்டுசென்றார்கள். அங்கே அவர் எழுதிய கடைசிக் கவிதையின் வரிகளை உடனிருந்தவர்கள் மறைத்து வெளியே கொண்டுவந்தனர். அவரது கைகளை வெட்டிவிட்டார்கள் என்ற கதை உலகெங்கும் பரவியது. பிணவறையில் உடலை அடையாளம் கண்ட அவர் மனைவி ஜோன் எழுதியது வேறு: கைகள் வெட்டப்படவில்லை, மணிக்கட்டுகள் முறிந்தாற்போல இருந்தன. புனைவு தேவைப்படாத அளவுக்கு உண்மையே கொடியது. உடலில் 40க்கும் மேற்பட்ட குண்டுக் காயங்கள் இருந்தன. இன்னும் பன்னிரண்டு நாள் இருந்திருந்தால் அவருக்கு 41 வயது நிறைந்திருக்கும்.

ஆங்கிலேய நடனக் கலைஞரான ஜோன் அரை நூற்றாண்டுக் காலம் நீதி கேட்டு அலைந்தார். 2003இல் அந்த அரங்குக்கே விக்டர் ஹாராவின் பெயர் சூட்டப்பட்டது. 2023 ஆகஸ்டில்தான் சிலியின் உச்ச நீதிமன்றம் முன்னாள் இராணுவத்தினர் எழுவரின் தண்டனையை உறுதிசெய்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜோன் காலமானார்.

நெரூதாவின் கதை இதைவிடச் சிக்கலானது. 1970இல் கம்யூனிஸ்ட் கட்சியின் அதிபர் வேட்பாளராக நிறுத்தப்பட்டு, அயெந்தேவுக்காக விலகிக்கொண்டவர் அவர். 1971இல் நோபல் பரிசு. இராணுவப் புரட்சியின்போது புற்றுநோயோடு கடலோர இல்லமான இஸ்லா நெக்ராவில் இருந்தார். 19ஆம் தேதி சாண்டியாகோவின் சாந்தா மரியா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவரை மெக்சிகோவுக்கு அழைத்துச்செல்ல ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்த வேளையில், 23ஆம் தேதி இரவு இறந்தார். சூறையாடப்பட்டு, கண்ணாடிகள் நொறுங்கிக் கிடந்த அவரது நகர வீட்டிலேயே உடல் வைக்கப்பட்டது. 25ஆம் தேதி இறுதி ஊர்வலத்தில், துப்பாக்கி ஏந்திய படையினர் சூழ்ந்து நிற்க, மக்கள் சர்வதேச கீதம் பாடினார்கள். புதிய ஆட்சிக்கு எதிரான முதல் பொது எதிர்ப்பு அந்தச் சவ ஊர்வலமே.

அவருக்கு ஊசி போட்டுக் கொன்றார்கள் என்று அவரது ஓட்டுநராயிருந்த மானுவேல் அராயா 2011இல் பகிரங்கமாகக் கூறினார். 2013இல் உடல் தோண்டியெடுக்கப்பட்டது. இறப்புச் சான்றிதழ் சொன்னதுபோலப் புற்றுநோயால் மெலிந்து இறக்கவில்லை என்று 2017இல் பன்னாட்டு வல்லுநர் குழு கருதியது. 2023இல் வந்த ஆய்வறிக்கை, அவரது கடைவாய்ப்பல்லில் காணப்பட்ட பாக்டீரியத்தைப் பற்றிப் பேசியது. 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விசாரணையை மீண்டும் தொடங்க உத்தரவிட்டது. ஒரு கவிஞரின் பல்லைக்கூட விடாமல் உலகின் ஆய்வகங்கள் ஆராய்ந்திருக்கின்றன. அது சரியானதே. கொலை நடந்திருந்தால் தெரிந்தாக வேண்டும்.

ஆனால் தமிழர்களாகிய நாம் நெரூதாவின் மரணத்தைப் பேசும்போது இன்னொன்றையும் பேசாமல் நகர முடியாது. 1929 முதல் 1930 வரை அவர் கொழும்பில், வெள்ளவத்தைக் கடற்கரை வீட்டில், சிலியின் தூதரக அதிகாரியாக வாழ்ந்தார். ‘பூமியில் வாசம்’ தொகுதியின் இருண்ட கவிதைகள் பல அந்தக் கீழைத்தேயத் தனிமையில் விளைந்தவை. அவர் இறந்தபின் 1974இல் வெளிவந்த நினைவுக் குறிப்புகளில், தம் வீட்டின் மலவாளியை நாள்தோறும் எடுத்துச்செல்ல வந்த ஒரு தமிழ்ப்பெண்ணைப் பற்றி எழுதுகிறார். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவள் அவள். அவள் எந்த அழைப்பையும் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் அவள் மணிக்கட்டைப் பற்றி உள்ளே இழுத்துச்சென்றார். அவள் கடைசிவரை கண்களை மூடவேயில்லை, தம்மை வெறுத்ததில் அவள் பக்கமே நியாயம் இருந்தது என்றும் அவரே எழுதுகிறார். இதற்குப் பெயர் வன்புணர்ச்சி. அவளைச் சிலையோடு ஒப்பிட்டு அழகுபடுத்தும் அந்த உரைநடை குற்றத்தை இன்னும் கூர்மையாக்குகிறதே தவிர மழுப்பவில்லை.

2018இல் சாண்டியாகோ விமான நிலையத்துக்கு நெரூதாவின் பெயரைச் சூட்டும் யோசனை எழுந்தபோது சிலியின் பெண்ணியவாதிகள் இந்தப் பக்கங்களை முன்வைத்தே எதிர்த்தனர். தமிழில் நெரூதாவை நாம் காதல் கவியாகவும் புரட்சிக் கவியாகவும் கொண்டாடிய அளவுக்கு, நம் மொழி பேசிய அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசியதில்லை. அவள் பெயர் அந்த நூலில் இல்லை. அயெந்தேயின் சாவைப் பற்றி, அது நிகழ்ந்து மூன்றே நாளில் நோயாளி எழுதிய சினம் மிக்க பக்கங்களோடு முடிவதும் அதே நூல்தான். இரண்டையும் ஒருவரே எழுதினார். ஒன்றைக் காட்டி மற்றதை அழித்துவிட நமக்கு உரிமையில்லை என்றே கருதுகிறோம்.

நெரூதாவையும் ஆடனையும் இணைப்பது ஸ்பெயின். உள்நாட்டுப் போரின்போது நெரூதாவும் நான்சி குனார்டும் சேர்ந்து, ஸ்பானிய மக்களுக்காக உலகக் கவிஞர்கள் குரல்கொடுக்கும் சிறு வெளியீடுகளைக் கொண்டுவந்தனர். ஆடனின் ‘ஸ்பெயின்’ கவிதை அவற்றில் ஒன்றில் இடம்பெற்றது. பின்னாளில் ஆடன் அக்கவிதையைப் பொய் என்று ஒதுக்கினார். 1966இல் வந்த தம் தொகுப்பில் அதைச் சேர்க்கவேயில்லை. கவிதை அரசியலை அசைக்கும் என்ற நம்பிக்கையை அவர் என்றோ கைவிட்டிருந்தார். நெரூதா கடைசிவரை கைவிடவில்லை. இருவரில் யார் சரி? அந்தச் செப்டம்பரில் சாண்டியாகோ தெருக்களில் புத்தகங்களைக் கொளுத்திய இராணுவம், ஒரு பாடகரைக் கொன்ற இராணுவம், தன்னையறியாமல் நெரூதாவின் பக்கமே வாக்களித்தது என்று சொல்லத் தோன்றுகிறது. பாட்டால் ஒன்றும் ஆகாது என்று அவர்கள் உண்மையாக நம்பியிருந்தால் ஹாரா உயிரோடு வீடு திரும்பியிருப்பார். ஆயினும் ஆடனின் ஐயமும் நேர்மையானதே. பாடல்கள் எதுவும் அந்தத் துப்பாக்கிகளைத் தடுத்துவிடவில்லை.

28ஆம் தேதி மாலை வியன்னாவில் ஆடன் கவிதை வாசித்தார். விடுதி அறைக்குத் திரும்பியவர் மறுநாள் காலை இறந்து கிடந்தார். வயது 66. கோடைகளைக் கழித்துவந்த கிர்ஷ்டெட்டென் கிராமத்தில் அக்டோபர் 4ஆம் தேதி உள்ளூர் ஊதுகுழல் வாத்தியக் குழு முன்செல்ல அவரை அடக்கம் செய்தார்கள். அதற்குமுன் வீட்டில், அவர் விரும்பியபடி, வாக்னரின் இசை நாடகத்திலிருந்து சீக்ஃபிரீடின் சவ ஊர்வல இசையை இசைத்தட்டில் ஒலிக்கச் செய்தார் வாழ்நாள் துணைவர் செஸ்டர் கால்மன்.

சீக்ஃபிரீட் என்பவன் நார்ஸ் புராணத்தின் சிகூர்ட். அந்த வீரனைப் பற்றி டோல்கீன் நெடுநாளுக்கு முன் ஒரு நீண்ட கவிதை எழுதி வைத்திருந்தார். தேடிக் கிடைத்தால் அனுப்புவதாக 1967இல் ஆடனுக்கு ஒரு கடிதத்தில் சொல்லியிருந்தார். கிறிஸ்டோபர் டோல்கீன் அதைப் பதிப்பித்து வெளியிட்டது 2009இல்.