மறைந்த மனிதனும் மறையாத இரும்புக் கையும்

எம்.ரெட்டியபட்டியில் எங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு தகரப்பெட்டி இருந்தது. என் தந்தையார் தம் பள்ளி நாட்களில் சேர்த்து வைத்த படக்கதைப் புத்தகங்கள் அதில் இருந்தன. கோடை விடுமுறையில், முற்றத்தில் காயும் மிளகாய் வற்றலுக்குக் காவலிருந்தபடியே அவற்றைப் படிப்பேன். ஒரு கதையை எத்தனை முறை படித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. மின்சாரம் பாய்ந்தவுடன் ஒரு மனிதன் மறைந்து விடுகிறான். அவனுடைய இரும்புக் கை மட்டும் காற்றில் மிதந்து செல்கிறது!

“பொம்மைப் புத்தகம் சோறு போடுமா?” என்பார் அப்பத்தா. போடாதுதான். சோற்றுக்காக நான் அதைப் படிக்கவில்லை, வேடிக்கைக்காகவே படித்தேன். அந்த வேடிக்கை எங்கள் கரிசல் காட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதும் ஒரு சுவையான வரலாறே.

இலண்டனில் பிறந்தவன்

கண்ணுக்குத் தெரியாத மனிதனை அறிவியல் கதைக்குள் கொண்டுவந்து புகழ்பெறச் செய்தவர் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். அவருடைய நாவல் 1897-இல் வெளியாயிற்று. 65 ஆண்டுகள் கழித்து, 1962 அக்டோபரில், இலண்டனில் ‘வேலியண்ட்’ என்ற சிறுவர் வார இதழ் தொடங்கப்பட்டது. அதன் முதல் இதழிலேயே இரும்புக் கையனின் படக்கதை இடம்பெற்றது. கதையைத் தொடக்கத்தில் எழுதியவர் கென்னத் புல்மர். படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ.

கதைநாயகன் லூயிஸ் கிராண்டேல் ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் உதவியாளன். கையை இழந்தவன், இரும்புக் கை பொருத்தியவன். ஆய்வகத்தில் நேர்ந்த விபத்தில் மின்சாரம் தாக்கி, மறையும் ஆற்றலைப் பெறுகிறான். முதலில் தீய வழியில் சென்று, பின்னர் திருந்தி, உளவுப் படையில் சேர்கிறான்.

தீப்பெட்டி தந்த அச்சுக்கூடம்

இலண்டன் கதை தமிழ் பேசியது சென்னையில் அல்ல, சிவகாசியில். அதற்குக் காரணம் எங்கள் பகுதியின் வறட்சியே எனலாம். மழை பொய்க்கும் பூமியில் வேறு பிழைப்புத் தேடி, 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு வண்ண அச்சு வேண்டும். இவ்வாறு அச்சுத் தொழில் வளர்ந்தது. அச்சகங்கள் பெருகிய அந்த ஊரில், எம். சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். 1972 ஜனவரியில் வெளிவந்த அதன் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. அன்று சிவகாசியும் எங்கள் ஊரும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன.

தமிழ்ச் சிறுவர்களுக்கு மாயம் புதிதன்று. 1947-இல் தோன்றிய அம்புலிமாமா மாதந்தோறும் வேதாளத்தை முருங்கை மரத்தில் ஏற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அங்கே மறைவதற்கு மந்திரம் தேவை. மாயாவிக்கோ மின்சாரம் போதும். மந்திரத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. மின்சாரம் நம் வீட்டுச் சுவரிலேயே இருப்பதால், “இது நடக்குமா?” என்ற கேள்வி எழாமல் இராது. பிற்பாடு, 1984-இல் லயன் காமிக்ஸ் தோன்றி இயந்திர மனிதன் ஆர்ச்சியைக் கொண்டுவந்தது. அதே பத்தாண்டில் சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாயைப் பேச வைத்தார்.

கதை சறுக்கும் இடம்

மாயாவி கதையின் அறிவியல் சரியா? ஒரு பொருளின் ஒளிவிலகல் எண்ணும் அதைச் சூழ்ந்துள்ள ஊடகத்தின் ஒளிவிலகல் எண்ணும் சமமானால், நிறமற்ற அந்தப் பொருள் கண்ணுக்குத் தெரியாது. போரோசிலிகேட் கண்ணாடிக்கும் கடலை எண்ணெய்க்கும் இந்த எண் ஏறக்குறைய 1.47. அத்தகைய சோதனைக் குழாய் ஒன்றினுள் எண்ணெய் நிரப்பி, எண்ணெய்க் கிண்ணத்தில் அமிழ்த்திப் பாருங்கள். மூழ்கிய பகுதி மாயமாகிவிடும். வெல்ஸ் கையாண்ட கருத்தும் இதுவே.

மனிதன் மறைந்தாலும் இரும்புக் கை மறையாதது பொருத்தமே. உலோகத்தில் உள்ள கட்டற்ற எலெக்ட்ரான்கள் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஆனால் விழித்திரை ஒளியை உறிஞ்சினால்தான் பார்வை உண்டு. உடல் முழுவதும் ஒளியை ஊடுருவ விட்டால், மாயாவி குருடனாகவே நடமாட வேண்டும்! வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதைத் தொட்டால் மறைவது உடல் அன்று, உயிர்.

எனினும் கனவு முற்றிலும் பொய்யாகிவிடவில்லை. 2006-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், ஒரு செம்பு உருளையை நுண்ணலைகளின் ‘பார்வை’யிலிருந்து பெருமளவு மறைத்துக் காட்டினர். வகுத்தமைத்த செயற்கைப் பொருளைச் சுற்றி வைத்து, அலைகளை வளைத்துச் செலுத்தினர். பாறையைச் சுற்றிச் செல்லும் ஓடைநீரைப் போல அலைகள் சென்றன. கண்ணால் காணும் ஒளிக்கு ஒரு மனிதனையே மறைப்பது இன்றும் கைகூடவில்லை.

வேடிக்கைக்கு ஒரு வாதம்

‘அறிவியல் கதை படித்தால் அறிவியல் வளரும்’ என்று சொல்லி இந்தக் கட்டுரையை முடித்திருக்கலாம். அது முழு உண்மை ஆகாது. பெட்டியிலிருந்த அதே புத்தகங்களைப் படித்த என் தம்பி இன்று அருப்புக்கோட்டையில் ஜவுளிக்கடை நடத்துகிறான். அவன் படித்தது வீணா? ஊருக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் இருவரும் முதலில் பேசுவது மாயாவியைப் பற்றித்தான்.

சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒரு மாணவர், செய்முறைக் குறிப்பேட்டுக்குள் கதைப் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். பிடுங்கி மேசை இழுப்பறையில் போட்டேன். மாலையில் திருப்பிக் கொடுக்கும்போது, “மதிப்பெண்ணுக்கு இது உதவாது என்று தெரியும் சார்” என்றார், குற்றவாளியைப் போல. எனக்கு அப்பத்தாவின் குரல் கேட்டது. இம்முறை அந்தக் குரல் என்னிடமிருந்தே கிளம்பியிருந்தது.

பாடவேளையில் பாடம் படிக்க வேண்டும், அதில் ஐயமில்லை. மற்ற வேளையில் ஒரு கதையை அதன் சுவைக்காகவே படிப்பதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் தகரப்பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த ஒரு புத்தகத்தை அவரிடம் கொடுத்தேன். அட்டை மட்டும் சற்றுக் கிழிந்திருந்தது.